தெருச் சங்கமும் சாரணர் படையும்

ஒரு தெருவிலுள்ள பிள்ளைகள் நால்வர் கூடிச் சங்கம் வைப்பது எந்நாட்டிலும் நடப்பது. ஒருவன் தலைவன், ஒருவன் காரியதரிசி, ஒருவன் பொக்கிஷதார். எஞ்சிய ஒருவனே உறுப்பினன். இரண்டு வாரத்தில் பூசல் வந்து சங்கம் கலைந்துபோவதும் உண்டு. வரலாறு எழுதுவோர் இதனை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஆயினும், உலகெங்கும் பரவிய சாரணர் இயக்கத்தின் தொடக்கத்தை ஆராயப் புகுந்தால், நாம் இத்தகைய தெருப் பிள்ளைகளிடமே போய்ச் சேருகிறோம்.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் என்று வகுப்பிலே கற்பிக்கிறோம். யானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே கற்பித்தேன். அது பாதி உண்மை.

தென்னாப்பிரிக்காவில் மாஃபெக்கிங் நகரம் 1899, 1900-ஆம் ஆண்டுகளில் 217 நாட்கள் முற்றுகைக்கு உள்ளானபோது, அதனைக் காத்து நின்றவர் அவர். அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டுசெல்லும் பணியைப் பொறுப்புடன் செய்ததை அவர் கண்டார். 1907 ஆகஸ்டில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரௌன்சீ தீவில், இருபது சிறுவரைக் கூட்டி ஒரு வாரம் பாசறை நடத்திப் பார்த்தார். செல்வர் வீட்டு மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் தங்கினர். அந்நாளைய இங்கிலாந்தில் இது சிறு செய்தி அன்று. பிறகு 1908 சனவரி முதல், சிறுவர்க்கான சாரணப் பயிற்சி நூலை ஆறு பகுதிகளாக, இரு வாரத்திற்கு ஒன்றாக வெளியிட்டார். ஒரு பகுதியின் விலை நான்கு பென்னி.

புதிய இயக்கம் ஒன்று காண்பது அவருடைய நோக்கமன்று. ஏற்கெனவே நடந்துவந்த சிறுவர் சங்கங்களின் ஆசிரியர்கள் தம் பயிற்சிக்கு இந்நூலைப் பயன்படுத்திக்கொள்வார்கள் என்றே எண்ணினார். நடந்ததோ வேறு. பிள்ளைகள் தாமே நூலை வாங்கினர், கூடிப் படித்தனர். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி அமைத்து, தமக்குள் ஒருவனைத் தலைவனாக்கிக்கொள்ளும் முறை அந்நூலில் இருந்தது. அந்த அளவு தெருப் பிள்ளைகளின் கூட்டத்திற்கு இயல்பாகவே பொருந்திற்று. துடைப்பக் கட்டையே சாரணர் கோலாயிற்று. அணி அமைந்த பின்னரே, 'எங்களுக்கு ஆசிரியராக வாருங்கள்' என்று பெரியவர் ஒருவரைத் தேடிச் சென்றனர். குருவைத் தேடிச் சீடர் தனித்தனியே செல்வது நாம் அறிந்தது. சீடர்கள் முதலில் ஒரு சபையாகக் கூடி, பிறகு குருவை நியமித்த விந்தை இங்கேதான் நிகழ்ந்தது!

1909 செப்டம்பரில் இலண்டன் பளிங்கு மாளிகையில் கூடிய பேரணியில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட சாரணர் திரண்டனர். அங்கே, அழைப்பில்லாமலே, சாரண உடை தரித்த சிறுமியர் சிலரும் வந்து நின்றனர். தாங்களும் சாரணரே என்றனர். படைகளுக்கு ஆணையிட்டுப் பழகிய பேடன் பவலுக்கு இவர்களை என்செய்வது என்று விளங்கவில்லை. மறு ஆண்டு, தம் தங்கை ஆக்னஸின் துணையுடன் சிறுமியர்க்குத் தனி இயக்கம் அமைத்தார். அதுவும் பிள்ளைகள் கேட்டுப் பெற்றதே.

நம் நாட்டிலும் 1909-இல் பெங்களூரில் சாரணர் படை தோன்றிற்று. ஆனால் அது வெள்ளையர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. இந்தியச் சிறுவர்க்கு இடமில்லை. இக்குறையைப் போக்க, 1916-இல் சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன், இந்தியச் சாரணர் சங்கத்தை நிறுவினார். அங்கே தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் தாய்ச் சங்கத்தோடு இணைந்தது. விடுதலைக்குப் பின், 1950-இல், பல பிரிவுகளும் கூடிப் பாரத சாரணர் சங்கமாயின. இங்கெல்லாம் தொடங்கியவர்கள் பெரியவர்கள், நன்றே செய்தார்கள். எனினும் நம் பள்ளிகளில் சாரணம் என்பது குடியரசு நாளன்று உடை தரித்து நிற்பதோடு முடிந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதில் எனக்கும் பங்குண்டு. பயிற்சி முடித்து வேலையில் அமர்ந்த இரண்டாம் ஆண்டு, பள்ளிக்குப் பின்தெருவில் பிள்ளைகள் சிலர் ஒரு மாட்டுத் தொழுவத்தில் சங்கம் நடத்துவதை அறிந்தேன். வாரச் சந்தா பத்துக் காசு. பழைய 'அம்புலிமாமா' இதழ்களை இரவல் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தகரப் பெட்டியில் பணம் காத்தாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பள்ளியில் அவர்களுக்கு அறை கொடுத்தேன். கோடிட்ட பதிவேடு கொடுத்தேன். வெள்ளிதோறும் மாலை நான்கு மணி என்று வகுத்தேன். தலைவனையும் நானே நியமித்தேன். மூன்று மாதத்தில் அறையில் நான் மட்டுமே இருந்தேன்.

ஒருநாள் அச்சிறுமி பெட்டியைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தாள். மூன்று ரூபாய் நாற்பது காசு இருந்தது. "ஏனம்மா?" என்றேன். "இது இப்போ உங்க சங்கம்தானே, சார்" என்றாள். சினமோ வருத்தமோ அந்தக் குரலில் இல்லை.

பெட்டியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். சில வாரம் கழித்து அவர்கள் மீண்டும் எங்கோ கூடுவதாகக் கேள்வியுற்றேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.