டைட்டன் நிலப்பரப்பு ஆய்வு

டைட்டன் சனிக் கோளின் மிகப் பெரிய துணைக்கோள். இதன் விட்டம் 5,150 கி.மீ.; சூரியக் குடும்பத்துத் துணைக்கோள்களில் வியாழனின் கனிமீடுக்கு அடுத்த இடம் இதற்கே. அடர்ந்த வளிமண்டலம் உள்ள துணைக்கோள் இது ஒன்றுதான். புவியை அடுத்து, தரைமீது நிலையாகத் தேங்கிய ஏரிகளும் கடல்களும் இருப்பதாக அறியப்பட்ட ஒரே இடமும் இதுவே. ஆனால் அவற்றில் இருப்பது நீரல்ல, நீர்ம மீத்தேனும் ஈத்தேனும். ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் எப்போதும் போர்த்தியிருப்பதால் சாதாரண ஒளியில் தரை தெரிவதில்லை. அந்த மூட்டத்தைக் கடந்து பார்க்கும் வழிகள் ஒவ்வொன்றாகக் கைகூடிய கதையே டைட்டன் ஆய்வின் வரலாறு.

தொலைநோக்கிக் காலம்

டச்சு அறிவியலாளர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1655 மார்ச் 25 அன்று டைட்டனைக் கண்டறிந்தார். அடுத்த இரண்டரை நூற்றாண்டுக் காலம் அது வெறும் ஒளிப்புள்ளியாகவே இருந்தது. வட்டின் நடுப்பகுதியைவிட விளிம்பு மங்கலாகத் தெரிவதாக ஸ்பெயின் வானியலாளர் கொமாஸ் சோலா 1908இல் அறிவித்தார். வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கு அது முதல் குறிப்பு. ஜெரார்டு கைப்பர் நிறமாலை ஆய்வின் மூலம் அங்கே மீத்தேன் வாயு இருப்பதை 1944இல் உறுதிசெய்தார்.

முதல் விண்கலங்கள்

1979இல் பயோனியர் 11 சனியைக் கடந்து சென்றபோது டைட்டனையும் படம் எடுத்தது. 1980 நவம்பரில் வந்த வாயேஜர் 1க்கு டைட்டன் தலையாய இலக்கு. அதை நெருங்கிக் கடந்ததன் விலையாக, வேறு கோள் எதற்கும் போக முடியாத பாதைக்கு அந்த விண்கலம் திரும்பிவிட்டது. படங்களில் மூட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. பலன் வேறு வழியில் கிடைத்தது. டைட்டனுக்குப் பின்னால் மறைந்தபோது வாயேஜர் அனுப்பிய வானொலி அலைகள் அதன் வளிமண்டலத்தின் வழியே புவியை அடைந்தன. அவை வளைந்த அளவைக் கொண்டு, தரையில் அழுத்தம் புவியினுடையதைப் போல் ஒன்றரை மடங்கு என்றும் வெப்பநிலை சுமார் மைனஸ் 180 டிகிரி செல்சியஸ் என்றும் கணக்கிட்டார்கள். வளிமண்டலத்தின் பெரும்பகுதி நைட்ரஜன் என்பதும் தெரிந்தது.

அந்தக் குளிரில் மீத்தேனும் ஈத்தேனும் நீர்மமாக இருக்க முடியும். எனவே டைட்டன் முழுவதையும் ஈத்தேன் கடல் மூடியிருக்கலாம் என்ற கருத்து 1980களில் எழுந்தது. அகச்சிவப்பு ஒளியின் சில அலைநீளங்கள் மூட்டத்தை ஊடுருவும் என்பதால், ஹபிள் தொலைநோக்கி 1994இல் அவற்றைக் கொண்டு தரையைப் பார்த்தது. வெளிர்ந்தும் கருத்தும் நிலையான பகுதிகள் தென்பட்டன. உலகளாவிய கடல் என்ற கருத்து வலுவிழந்தது.

ஹைகன்ஸ் இறங்குதல்

நாசாவின் கசினி விண்கலம், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹைகன்ஸ் இறங்குகலத்தைச் சுமந்துகொண்டு 1997 அக்டோபர் 15 அன்று புறப்பட்டது. பயணத்தின் இடையில், 2000இல் நடந்த சோதனையில் ஒரு குறை தெரியவந்தது. இரண்டு கலங்களும் வேகமாக விலகும்போதோ நெருங்கும்போதோ டாப்ளர் விளைவால் ஹைகன்ஸ் கசினிக்கு அனுப்பும் அலை மாறுபடும். கசினியின் ஏற்பி அதைச் சமாளிக்கும்படி அமைக்கப்படவில்லை. கருவியை மாற்ற வழியில்லாததால் கசினியின் பாதையையே மாற்றியமைத்தார்கள்.

2004 டிசம்பர் 25 அன்று பிரிந்த ஹைகன்ஸ், 2005 ஜனவரி 14 அன்று பாரசூட்டில் சுமார் இரண்டரை மணி நேரம் இறங்கித் தரையைத் தொட்டது. அது தகவல் அனுப்பிய இரண்டு அலைவரிசைகளில் ஒன்றுக்கான கசினியின் ஏற்பியை இயக்கும் கட்டளை விடுபட்டதால் படங்களில் பாதி இழப்பாயிற்று. கிடைத்த சுமார் 350 படங்களில், மேட்டு நிலத்திலிருந்து கிளைகிளையாக இறங்கி வந்து கூடும் கருத்த ஓடைத்தடங்கள் இருந்தன. தரையில் எடுத்த படத்தில் உருண்டு தேய்ந்த பனிக்கற்கள் சிதறிக் கிடந்தன. மைனஸ் 179 டிகிரிக் குளிரில் நீர்ப்பனி பாறைபோல் கெட்டியாகிவிடும். கலம் மோதிய இடத்தில் சுமார் 12 செ.மீ. ஆழக் குழி விழுந்தது. கலம் அதிலிருந்து எகிறி, சற்றுச் சறுக்கி, ஆடி நின்றது. கலத்தின் சூட்டில் அடித்தரையிலிருந்து மீத்தேன் ஆவி கிளம்பியதைக் கருவி பதிவுசெய்தது. தரைக்குள் ஈரம் இருந்தது என்பதற்கு அது சான்று. கசினி அடிவானத்துக்குக் கீழே மறையும்வரை 72 நிமிடங்கள் தரையிலிருந்து தகவல் வந்தது.

ரேடார் வரைந்த நிலப்படம்

ஹைகன்ஸ் கண்டது ஓரிடத்தை மட்டுமே. மற்ற இடங்களைக் கசினியின் ரேடார் பட்டைபட்டையாக வரைந்தது. நடுக்கோட்டை ஒட்டிய கருத்த பகுதிகள் கடல்கள் அல்ல, நூறு மீட்டர் உயரமுள்ள நீண்ட மணல்மேடுகள் என்பது தெளிவாயிற்று. அந்த மணல் கரிமப் பொருள்களால் ஆனது. 2006 ஜூலையில் வடதுருவத்தை ஒட்டி ஏரிகள் தென்பட்டன. வழவழப்பான நீர்மப் பரப்பு ரேடார் அலையைத் திருப்பி அனுப்பாததால் அவை கருமையாகத் தெரிந்தன. டைட்டனின் கடல்களுள் மிகப் பெரியதான கிராக்கன் மாரே, பரப்பில் காஸ்பியன் கடலுக்கு இணையானது. இன்னொரு கடலான லிஜியா மாரேயின் ஆழம் சுமார் 160 மீட்டர் என 2013இல் பெற்ற ரேடார் எதிரொலிகளிலிருந்து கணித்தார்கள். 2010இல் நடுக்கோட்டுப் பகுதியில் தரை திடீரெனக் கருத்து, பின்னர் மெல்ல வெளுத்தது மீத்தேன் மழையின் அடையாளம் எனக் கொள்ளப்பட்டது.

கசினி டைட்டனை 127 முறை நெருங்கிக் கடந்தது. ஒவ்வொரு முறையும் டைட்டனின் ஈர்ப்பு, விண்கலத்தின் பாதையை மாற்றவும் உதவியது. எரிபொருள் தீரும் நிலையில், துணைக்கோள்கள் மீது மோதி மாசுபடுத்திவிடக் கூடாது என்பதற்காக 2017 செப்டம்பர் 15 அன்று அது சனிக்குள் செலுத்தி அழிக்கப்பட்டது. அதன் தரவுகளைக் கொண்டு டைட்டனின் முதல் முழு நிலவியல் படம் 2019இல் வெளியானது. அதன்படி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சமவெளி. மணல்மேடுகள் 17 விழுக்காடு. ஏரிகளும் கடல்களும் 2 விழுக்காட்டுக்கும் குறைவு.

டிராகன்பிளை

நாசா 2019இல் தேர்ந்தெடுத்த டிராகன்பிளை, எட்டுச் சுழலிகளும் அணுமின் கலமும் கொண்ட பறக்கும் ஆய்வுக்கலம். அடர்ந்த காற்றும் புவியினுடையதில் ஏழில் ஒரு பங்கே உள்ள ஈர்ப்பும் அங்கே பறப்பதை எளிதாக்குகின்றன. 2028 ஜூலையில் ஏவி, 2034இல் நடுக்கோட்டு மணல்மேட்டுப் பகுதியில் இறக்குவது திட்டம். அங்கிருந்து தாவித் தாவிப் பறந்து செல்க் என்னும் மோதல் பள்ளத்தை அது அடையும். விண்கல் மோதிய வெப்பத்தில் பனி உருகி, நீரும் கரிமப் பொருள்களும் அங்கே சில காலம் கலந்திருக்கக்கூடும். உயிர் தோன்றுவதற்கு முந்தைய வேதிவினைகள் அந்தக் கலவையில் எதுவரை நடந்தன என்பதை மண் மாதிரிகளைக் கொண்டு அறிவதே அதன் முதன்மை நோக்கம்.