கோடைமலையின் பூங்காவும் சோலையும் அவற்றைக் காத்தவர்களும்

ஆண்டுதோறும் அக்கினி நட்சத்திர நாள்களில் நம் நாரணாபுரத்திலிருந்து ஒரு வண்டியேனும் கோடைக்கானலுக்குப் புறப்படாமல் இருப்பதில்லை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம் அது. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் அச்சகத்திலும் வெக்கையோடு வெக்கையாக நின்றவர்கள், புளிச்சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்க் குடமுமாக ஏறி அமர்ந்து, வத்தலக்குண்டைத் தாண்டி முதல் குளிர்காற்று முகத்தில் பட்டதும் பாடத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளி அருவி, ஏரி, பிரையண்ட் பூங்கா, அங்கே ரோஜாப் பாத்தியின் முன் ஒரு புகைப்படம். மாலையில் மலையிறங்கி, நள்ளிரவில் வீடு வந்து சேர்வோம். நம்மில் பெரும்பாலோர் அறிந்த கோடைக்கானல் இவ்வளவுதான்.

அப்படிச் சென்ற ஒரு பயணத்தில், எங்களுடன் வந்த மறைக்கல்விச் சிறுவன் ஒருவன் பூங்காவில் ஒரு பூவைக் காட்டி, "இது எந்த ஊர்ப் பூ?" என்று கேட்டான். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் விளைந்ததே இக்கட்டுரை. கோயில் விழா மலரில் பூங்காவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அம்மலையின் பூவையும் புல்லையும் பெயர் சொல்லி ஏட்டில் எழுதி வைத்தவர்களுள் முன்னணியில் நின்றோர் நம் மதுரை மிஷன் குருக்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னர் சொல்லுவோம்.

1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் புராட்டஸ்டண்டு மிஷனரிமார் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்ப மலையேறி இரண்டு பங்களாக்களைக் கட்டியதிலிருந்து இன்றைய கோடைக்கானல் நகரின் கதை தொடங்குகிறது. 1863இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை ஓடையை மறித்துக் கரைகட்டி ஏரியை உண்டாக்கினார். முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்தது என்பர். அந்த ஏரியில் நிரம்பி வழியும் நீரே நாம் இறங்கி நின்று கால் நனைக்கும் வெள்ளி அருவி. 1866இல் சலேத் மாதா ஆலயம் எழுந்தது. 1916இல் மலைப்பாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் வரை பெரியகுளத்துப் பக்கமிருந்து நடந்தும் டோலியிலும் ஏறியவர்களே எல்லாரும். நாம் வளைவுகளில் வாந்தி வருகிறது என்று முறையிடும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்!

ஏரியின் கிழக்குப் பக்கத்தில் 1908இல் பூங்காவைத் திட்டமிட்டவர் எச். டி. பிரையண்ட் என்னும் வன அதிகாரி. இவரும் மதுரையிலிருந்து போனவரே. அவர் பெயராலேயே இருபது ஏக்கருக்குச் சற்று மிகுந்த அந்தத் தோட்டம் இன்றும் வழங்குகிறது. ரோஜா வகை மட்டும் எழுநூற்றுக்கு மேல் உண்டு என்பார்கள். மே மாதத்து மலர்க் காட்சியைத் தோட்டக்கலைத் துறையார் நடத்துகின்றனர். பூங்காவில் 1857இல் நட்டதாகக் கூறப்படும் தைல மரம் ஒன்றும் நிற்கிறது. அதாவது பூங்காவுக்கும் மூத்த மரம். ஆனால் மலைக்கு அது புதியது, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிறுவன் கேட்ட கேள்வி இங்கேதான் கனம் பெறுகிறது. ரோஜாவும் டேலியாவும் தைல மரமும் அம்மலையில் பிறந்தவையல்ல.

அப்படியானால் மலைக்கே சொந்தமானவை யாவை? பழனி மலையின் மேற்பகுதியில் பள்ளங்களிலும் ஓடைக் கரைகளிலும் அடர்ந்த குட்டைக் காடு இருக்கும், அதுதான் சோலை. மேடுகளிலும் சரிவுகளிலும் மரமே இல்லாத புல்வெளி இருக்கும். புல் மழைநீரைப் பிடித்து மெல்ல மண்ணுக்குள் விடுகிறது. சோலை மூடுபனியை இலையில் வாங்கிச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது. ஆகவேதான் கோடையிலும் ஓடை வற்றுவதில்லை. தெற்குச் சரிவில் இறங்கும் மஞ்சளாறும் வராக நதியும் வைகையில் சேருகின்றன. மதுரைப் பக்கம் உள்ள நம் உறவினர் குடிக்கும் தண்ணீரில் இம்மலைக்கும் பங்குண்டு.

புல்வெளியைக் கண்ட வெள்ளைக்காரர் அதைத் தரிசு என்று எண்ணினர். முதலில் விறகுக்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரத்தையும் தைல மரத்தையும் கொஞ்சமாக நட்டனர். சுதந்திரத்துக்குப் பின்னரும் அந்த எண்ணம் மாறவில்லை. 1950களுக்குப் பின் தோல் பதனிடப் பட்டைக்கென்று வாட்டிலும், ரேயான் கூழுக்கென்று தைல மரமும், பைன் மரமும் அரசாலேயே பெரும் பரப்பில் நடப்பட்டன. பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு என்றுதான் எல்லாரும் நம்பினர். நாங்களும் பைன் மரக் காட்டில் மகிழ்ந்து படம் எடுத்தவர்களே. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கணக்கிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டில் நிகழ்ந்த இழப்பு இது.

இந்த இழப்பை முன்னரே அறிந்தவர் சிலர் இருந்தனர். செண்பகனூரில் 1895இல் சேசு சபையார் திரு இருதயக் குருமடத்தை நிறுவியபோது அதனுடன் ஓர் அருங்காட்சியகமும் தோன்றியது. வேதசாஸ்திரம் கற்க வந்தவர்கள் ஓய்வு வேளையில் பூச்சியும் பாம்பும் பூவும் சேகரித்தனர். அவர்களுள் பிரான்சு நாட்டவரான தந்தை ஆங்கலாட் மலையின் செடிகளை நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டி வைத்தார். கூலி வாங்காமல், யாரும் கேளாமல் செய்த வேலை. நிழற்படக் கருவி எங்கும் மலிந்திராத நாளில் ஒவ்வொரு செடியையும் எதிரே வைத்துக்கொண்டு இதழ் எத்தனை, காம்பு எப்படி என்று பார்த்துப் பார்த்து வரைந்த அந்தப் பொறுமையை எண்ணிப் பாருங்கள்.

அவர் வழியில் வந்தவர் தந்தை கே. எம். மத்தேயு, சே.ச. 1930இல் பிறந்து 2004இல் மறைந்த இவர், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் உலர்தாவரக் காப்பகம் ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தமக்கு முன் உழைத்த தந்தை இராபினாட் என்பாரின் பெயரையே சூட்டினார். 1969இல் வெளிவந்த இவருடைய நூல் கோடைக்கானலில் குடியேறிய அயல்நாட்டுச் செடிகளைப் பற்றியது. 1999இல் பழனி மலைத் தாவரங்கள் அனைத்துக்கும் தனிப்பெரும் நூல் எழுதி முடித்தார். அச்சிறுவனுக்கான விடை முழுவதும் இவ்விரு நூல்களில் இருக்கிறது. எது வந்தது, எது இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், எதைக் காப்பது என்றே பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போயிருக்கும். ஊர்க் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி இம்மலருக்காகப் பெயர் தேடியவர்கள் நாங்கள். பதிவேட்டின் அருமை எங்களுக்குத் தெரியும்.

1985இல் பழனி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சில் என்னும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றம் பிறந்தது. தந்தை மத்தேயு அதன் தூண்களுள் ஒருவர். சம்பளம் இல்லாத தொண்டர்கள் ஒன்றுகூடி நாற்றங்கால் வைத்தனர். கன்று வளர்த்து ஊர் ஊராகக் கொடுத்தனர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோலையைக் காட்டினர். 1990களில் விதியை மீறி எழுந்த ஒரு விடுதியின் மேல்மாடிகளுக்கு எதிராக நீதிமன்றப் படியும் ஏறினர். கன்று நடும்போது பாராட்டிய ஊரார் வழக்குப் போடும்போது அவ்வளவாகப் பாராட்டவில்லை என்று ஊகிப்பதில் தவறிருக்காது.

வட்டக்கானலில் வேறொரு சிறு குழுவினர் பாம்பார் சோலையை ஒட்டி நாற்றங்கால் அமைத்தனர். சோலை மரங்களை வளர்ப்பது நாம் வேப்பங்கொட்டையைத் தூவுவது போன்றதன்று. நாவல் இனத்திலும் லவங்க இனத்திலும் பல மரங்களின் விதை காய்ந்தால் முளைப்பதில்லை. பழம் விழுந்த கையோடு பொறுக்கி ஊன்ற வேண்டும். வளர்ச்சியோ ஆமை நடை. ஆண்டுக் கணக்கில் பையில் வைத்துக் காத்தால்தான் கன்று வெளியே போகத் தகுதி பெறும். இவ்வளவு பாடுபட்டவர்கள் ஒரு கட்டத்தில் தாங்களே கண்டது என்னவென்றால், வாட்டில், பைன் மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் பறவைகளின் தயவால் தாமாக முளைத்து வந்தன. எனவே அத்தகைய இடங்களில் அயல் மரத்தை ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பதும் கேடு. ஆனால் புல்வெளியிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே எந்த மரமும் நடலாகாது. வாட்டிலை அகற்றியே தீரவேண்டும். அதன் விதையோ மண்ணுக்குள் பல்லாண்டு கிடந்து, வெட்டினாலும் தீ வைத்தாலும் கூட்டமாக எழும்பும். ஆகவே தொண்டர்கள் புல்லையே நாற்றங்காலில் வளர்க்கத் தொடங்கினர். மரம் நடுவதே அறம் என்று பழகிய நமக்குப் புல் நடுபவரைக் கண்டால் சிரிப்பு வரக்கூடும். எங்களுக்கும் முதலில் வந்தது.

இனி நாங்கள் முன்பு சொல்லாமல் விட்ட அந்த இரண்டாம் காரணம். பாம்பார் சோலைக்கு மேலே மலைமுகட்டில், அமெரிக்காவிலிருந்து 1980களில் கொண்டுவந்து நிறுவிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் அடைக்கும் வேலை. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் முஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதை உள்ளூர்த் தொண்டர்களும் முன்னாள் தொழிலாளரும் வெளிக்கொணர்ந்தனர். பழனிமலை மன்றத்தாரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அதில் முன்நின்றனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. சோலைச் சரிவில் மண்ணில் கலந்தது அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. மண்ணைத் தூய்மை செய்யும் வழக்காடல் நெடுங்காலம் நீண்டது. உடல்நலம் கெட்டதாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016இல்தான். பதினைந்து ஆண்டுகள்!

நம் ஊரில் மருந்துக் கலவை அறையில் நின்றவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அலுமினியப் பவுடர் கையிலும் நகத்திலும் படிந்தபடி வீடு திரும்பும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. பிழைப்புத் தரும் ஆலையைக் குறை சொன்னால் அடுப்பு எரியுமா என்ற அச்சமும் நாம் அறிந்ததே. அம்மலையின் தொழிலாளருக்கும் அந்த அச்சம் இருந்திருக்கும். அப்படியிருந்தும் பேசினார்கள். சோலையைக் காக்கப் புறப்பட்டவர்களும் ஆலையில் உழைத்தவர்களும் ஒரே பந்தலின்கீழ் வந்து நின்றதே இவ்வரலாற்றில் எங்கள் மனத்தை மிகவும் தொட்ட பகுதி. செடிக்காகப் பேசுபவர் மனிதரை மறந்துவிடுகின்றனர் என்று நாங்களே பலமுறை குறைபட்டதுண்டு. இங்கே அந்தக் குறை பொருந்தவில்லை.

2013இல் பழனி மலைக்காடுகள் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022இல் அயல் மரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்கத் தமிழக அரசு ஒரு கொள்கையே வகுத்தது. 1985இல் சிலர் சொன்னதை அரசாணையில் காண இத்தனை காலம் ஆயிற்று.

நமக்கு இன்னும் அருகில் உள்ள மலை திருவில்லிபுத்தூர் மலை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நம் வறண்ட வைப்பாற்றுக்கும் அர்ச்சுனா நதிக்கும் என்றேனும் வெள்ளம் வருமானால் அது அப்பக்கத்து மேற்கு மலையிலிருந்துதான் வரவேண்டும். 1988இல் அது சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021இல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயிற்று. மதுரைக்குப் பழனி மலை செய்வதை நமக்கு அது செய்கிறது. அதைப் பற்றி எழுத இன்னொரு மலர் வேண்டும்.

இப்போது கோடைக்கானலுக்குச் செல்லும் வண்டிகளுக்கு, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியுள்ளது. நெரிசலும் குப்பையும் அந்த அளவுக்கு மிகுந்துவிட்டன. அதில் நம் வண்டிகளின் பொட்டலத் தாளும் சேர்ந்ததுதான். அடுத்த பயணத்தில் குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சாக்கு எடுத்துச் செல்வது என்றும், மலையேறும் வழியில் முதலில் செண்பகனூரில் இறங்கி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகே ஏரிக்கும் பூங்காவுக்கும் போவது என்றும் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட அந்தச் சிறுவனுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியாயிற்று. மற்றவர்கள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெயர் கொடுக்கலாம்.