கண்ணுக்குத் தெரியாத வரி

எந்த இணையப் பக்கத்தினதும் மூல நிரலைத் திறந்து பார்த்தால், மேலே தலைப்பகுதியில் சில வரிகள் கிடக்கும். பக்கத்தை வாசிக்கிற ஆளுக்கு அவை தெரியாது. தேடுபொறிக்கென்று எழுதப்படுகிற மெட்டா குறிச்சொற்கள் அவை. அதில் 'கீவேர்ட்ஸ்' என்ற வரிக்கு ஒரு காலத்தில் இருந்த மவுசு இப்ப கனபேருக்குத் தெரியாது.

1995 டிசம்பரில் அல்டாவிஸ்டா தேடுபொறி வந்தது. அடுத்த வருசமே அதுவும் இன்ஃபோசீக்கும் அந்த வரியை வாசிக்கத் தொடங்கின. யோசனை நல்லதுதான். நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பொருள் அட்டை எழுதி வைக்கிற மாதிரி, பக்கம் எதைப் பற்றியது என்று நாலு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் நூலகத்தில் அட்டையை எழுதுவது நூலகர். இங்கே எழுதினது கடைக்காரர்.

பிறகென்ன, ஒரே சொல்லை நூறு தரம் போட்டார்கள். சம்பந்தமில்லாத பிரபலங்களின் பெயரைப் போட்டார்கள். போட்டி நிறுவனத்தின் பெயரையும் போட்டார்கள். இந்தக் கடைசி விளையாட்டு அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. 'மூவிபஃப்' என்ற பெயரில் திரைப்படத் தகவல் மென்பொருள் விற்ற புரூக்ஃபீல்ட், வீடியோ வாடகைக் கடைகள் நடத்திய வெஸ்ட் கோஸ்ட் மீது வழக்குப் போட்டது. இன்னொருவரின் வணிகப் பெயரை மெட்டா குறிச்சொல்லில் வைப்பது, அவரின் பெயர்ப்பலகையை உங்கட கடைக்கு முன்னால் நடுவது போலத்தான் என்று 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2002இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் வேறு மாதிரித் தீர்த்தது. பிளேபோய் சஞ்சிகை 1981இல் பட்டம் கொடுத்த டெரி வெல்ஸ், அந்தப் பெயரைத் தன் தளத்தின் குறிச்சொல்லில் வைத்தது பிழையில்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேறு சொல் இல்லையே! இது நியாயமான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அதே 2002இல் அல்டாவிஸ்டா அந்த வரியைக் கைவிட்டது. கூகுளோ மற்றப் பக்கங்கள் கொடுக்கிற இணைப்புகளைப் பார்த்தே தரம் பிரித்தது. தரவரிசைக்கு அந்த வரியைப் பயன்படுத்துவதேயில்லை என்று 2009 செப்டம்பரில் பகிரங்கமாகவே அறிவித்தது.

எங்கட ஆக்களுக்கு இதில் தனிக்கதை ஒன்று உண்டு. யுனிகோட் பரவ முன்னம் பாமினி எழுத்துருவில் அடித்த பக்கங்கள் எத்தனை! பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தது. 'தமிழ்' என்று நாங்கள் வாசித்த இடத்தில் கணினிக்குத் தெரிந்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இதைத் தேடி எடுக்க ஏலுமா? அப்படிப்பட்ட பக்கத்தின் மறைவரியில் நாலு ஆங்கிலச் சொல் போட்டதில் ஏமாற்று எதுவுமில்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல வேறு வழி இருக்கவில்லை. யுனிகோட் வந்த பிறகு பக்கத்தில் எழுதின தமிழே தேடுசொல் ஆயிற்று.

இப்பவும் 'கூகுளில் முதலாவதாக் கொண்டு வாறம்' என்று காசு வாங்கி, அந்தப் பழைய பெட்டியை நிரப்பிக் கொடுக்கிற ஆக்கள் இருக்கினம். அதுக்குக் காசு கொடுக்காதேங்கோ. இன்னும் பிழைத்திருப்பது 'டிஸ்கிரிப்ஷன்' வரி. அதாலும் கூகுள் தரவரிசை ஏறாது. ஆனால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே அது அப்படியே வரக்கூடும், மனிசர் வாசிப்பினம். கட்டுரையில் என்ன இருக்கு என்று இரண்டு வசனம், தமிழில், நீங்களே எழுதிப் போடுங்கோ.