மின்காந்த இணக்கமும் காவலூர் வானாய்வகமும்

மின்காந்த இணக்கம் என்பது ஒரு மின்னணுக் கருவி அண்டைக் கருவிகளின் மின்னிரைச்சலால் தடுமாறாமலும், தன் இரைச்சலால் அவற்றைத் தடுமாற வைக்காமலும் இயங்கும் தன்மை. பொறியாளர் பேச்சில் இது இ.எம்.சி.; இது குலையும்போது வரும் தொல்லை இ.எம்.ஐ. மின்னணு வடிவமைப்பு படிப்போர் பலர் கடைசியாகத் தொடும் பாடம் இது. செய்து முடித்த கருவி சோதனைக்கூடத்தில் தோற்ற பிறகே புத்தகத்தைத் திறப்பவர்கள் உண்டு. அதை முதலிலேயே ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தைவிடத் தெளிவான சான்று தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

ஆலங்காயத்திலிருந்து மலையேறும் சாலையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். இருண்ட வானம் தேடி இந்த இடத்தைத் தேர்ந்தவர் வானியலாளர் வைணு பாப்பு. 1960களின் பிற்பகுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கே பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் கார்ல் சைஸ் தொலைநோக்கி வந்தது. இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்து, 1982இல் மறைந்த பாப்புவின் பெயரைச் சூட்டினார். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆய்வகத்தை நடத்துகிறது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே கடக்கவிருந்தது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளியைத் தொடர்ந்து அளந்தார்கள். கோளின் வட்டுக்கு வெளியிலேயே ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு இன்னொரு துணைக்கோள் இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவின் குயிப்பர் பறக்கும் வானாய்வகமும் மற்ற நிலையங்களும் அதே நிகழ்வில் பதிந்த மங்கல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, மறைத்தவை யுரேனஸின் வளையங்கள் என்று உறுதியானது.

சில விநாடி மங்கல் ஒன்றை அளவுகருவி காட்டினால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மெல்லிய மேகமாக இருக்கலாம். தொலைநோக்கி சற்று நகர்ந்திருக்கலாம். மின்வழங்கி தளர்ந்திருக்கலாம், ஏதோ ஒரு மோட்டார் ஓடி நின்றிருக்கலாம். வானத்தில் நடந்ததையும் கம்பியில் நடந்ததையும் பிரித்தறிய முடியாத கருவியை வைத்துக்கொண்டு எந்தக் கண்டுபிடிப்பையும் அறிவிக்க முடியாது. அதனால் வானாய்வகத்தில் இ.எம்.சி. என்பது அறிவியலின் நம்பகத்தன்மையோடு நேரடியாகப் பிணைந்த விஷயம்.

அளவுகளைப் பார்த்தால் சிக்கலின் கனம் தெரியும். அக்கால ஒளியளவிகளின் இதயம் போட்டோமல்டிப்ளையர் குழல். ஓர் ஒளித்துகள் விடுவிக்கும் ஒரே ஓர் எலக்ட்ரானை அது ஏறத்தாழ பத்து லட்சமாகப் பெருக்குகிறது. அவ்வளவு பெருக்கிய பிறகும், 10 நானோவிநாடி நீளும் அந்தத் துடிப்பு 50 ஓம் மின்தடையில் எழுப்புவது 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. பின்னாளில் வந்த சி.சி.டி. உணரிகளிலோ ஓர் எலக்ட்ரானுக்குச் சில மைக்ரோவோல்ட்தான். இவற்றுக்குப் பக்கத்திலேயே குவிமாடத்தைச் சுழற்றும் மோட்டார்கள், ரிலேக்கள், குளிர்பதனப் பம்புகள். ஒரு ரிலேச் சுருளின் மின்னோட்டம் அறுபடும் நொடியில், அடக்கும் டையோடு இல்லையென்றால், நூற்றுக்கணக்கான வோல்ட் எழும். அது அளவிக்குள் நுழைந்தால் வானத்தில் இல்லாத ஒளி எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். சி.சி.டி. படத்தில் சாய்கோடுகளாக ஓடும் ஒழுங்கான வரிகளும் இந்த வகைதான். அவற்றைக் கண்டதும் அனுபவமுள்ளவர்கள் முதலில் சந்தேகிப்பது சுவிட்சிங் மின்வழங்கியை.

இத்துறையின் அடிப்படைக் கேள்விகள் மூன்று: இரைச்சல் எங்கே பிறக்கிறது, எந்த வழியாகப் போகிறது, யாரைப் பாதிக்கிறது. மாணவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் நடுக்கேள்வியில். ஏனென்றால் அந்த வழி மின்சுற்று வரைபடத்தில் வரையப்படுவதே இல்லை.

ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கம்பியை எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் அது வெறும் கோடு. உண்மையில் அதற்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்ரி மின்தூண்டல் உண்டு. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அந்தத் தூண்டலின் தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. 10 மெகாஹெர்ட்ஸில் அதே கம்பி சுமார் 63 ஓம் காட்டும். அச்சிட்ட மின்சுற்றுப் பலகையில் (பி.சி.பி.) 2 செ.மீ. நீளத் தடத்துக்குச் சுமார் 20 நானோஹென்ரி என்று வைத்தால், 100 மில்லிஆம்பியர் மின்னோட்டம் 1 நானோவிநாடியில் மாறும்போது அதன் இரு முனைக்கும் இடையே 2 வோல்ட் தோன்றும். ‘கிரவுண்ட்’ என்று எழுதிய புள்ளிகள் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை இந்தக் கணக்கோடு முடிந்துபோகிறது.

போன மின்னோட்டம் திரும்பியே ஆக வேண்டும். குறைந்த அதிர்வெண்ணில் அது மின்தடை குறைந்த வழிகளில் பரவித் திரும்புகிறது. அதிர்வெண் ஏற ஏற, போன தடத்துக்கு நேர் கீழே, செப்புத் தளத்தில் ஒட்டியபடி திரும்பவே முயல்கிறது. அந்தத் தளத்தை யாராவது வெட்டிப் பிளவு விட்டிருந்தால் மின்னோட்டம் சுற்றிவருகிறது. சுற்றிய பரப்பு ஆன்டெனாவாகிறது. அனலாக், டிஜிட்டல் தளங்களைப் பிரித்தால் இரைச்சல் ஒழியும் என்று எண்ணி, பிளவின் மேலாகவே தடங்களை இழுத்துவிடுவது புதியவர்கள் பலர் செய்யும் பிழை. இத்துறை பற்றிய ஹென்றி ஓட்டின் 1976ஆம் ஆண்டு நூலும், கிளேட்டன் பாலின் 1992ஆம் ஆண்டுப் பாடநூலும் பொறியாளர்களிடையே இன்றும் புழங்குவதற்குக் காரணம், இந்தத் திரும்பும் வழியை அவை விடாமல் பின்தொடர்வதுதான்.

கேபிள்கள் இன்னும் கடுமையானவை. ஒரு மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் பொதுமுறை மின்னோட்டம், அதாவது எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம், இருந்தாலே போதும்; 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோவோல்ட் புலம் உண்டாகும். வீட்டுக் கருவிகளுக்கு அந்த அதிர்வெண்ணில் அமெரிக்க விதி அனுமதிக்கும் எல்லையே அவ்வளவுதான். தொலைநோக்கியின் முனையில் உணரியும், தரைத்தளத்தில் கணினியும் இருக்கும் இடத்தில் கேபிள்கள் பல பத்து மீட்டர் நீளும். இரு முனைகளையும் வெவ்வேறு எர்த்தில் இணைத்துவிட்டால், இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு கேபிளின் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தை ஓடவிடும். பாறை மிகுந்த மலைகளில் மண்ணின் மின்தடை அதிகம் என்பதால் நல்ல எர்த் கிடைப்பதே சிரமம். இடி இறங்கும்போது இந்த வேறுபாடு ஆயிரக்கணக்கான வோல்ட் வரை எகிறலாம். தரவை ஒளியிழையில் அனுப்புவது இதற்குச் சிறந்த தீர்வு. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.

வானொலி ஒலிபரப்பைக் காக்க 1934இல் சிஸ்பர் என்ற பன்னாட்டுக் குழு அமைந்ததிலிருந்து இத்தகைய இரைச்சல் விதிகளின் வரலாறு விரிகிறது. கணினிகளுக்கு அமெரிக்கா 1979இல் வரம்பு வகுத்தது. ஐரோப்பாவில் 1996 ஜனவரி 1 முதல் இணக்கம் இல்லாத கருவியை விற்க முடியாது. இந்தியாவில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான கட்டாயச் சோதனை 2019இல் நடைமுறைக்கு வந்தது, அதில் இ.எம்.சி.யும் அடங்கும்.

தமிழ்நாட்டில் இதைக் கற்க வழியுண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் மின்னணுப் பொறியியல் படிப்பில் இது விருப்பப் பாடமாக இருந்துவருகிறது. சென்னை தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் சோதனைகளை நடத்துகிறது. விருப்பப் பாடம் என்ற இடத்தில்தான் குறை: மின்சுற்று வரையத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இது கட்டாயமாக இருக்க வேண்டியது.

சோதனைக்கூடம் எட்டாதவர்களுக்கு ஒரு பழைய மத்திய அலை ரேடியோ நல்ல ஆசான். அதைச் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸில் வைத்து, விலை மலிந்த ஓர் எல்.இ.டி. விளக்கின் அருகே கொண்டுபோனால் பேச்சின் மேல் கரகரப்பு ஏறும். அந்த விளக்கின் மின்வழங்கி 65 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்வதாக இருந்தால் அதன் 11ஆம் மடங்கு 715இல் விழும். ஒலிபரப்பின் 720உடன் கலந்து 5 கிலோஹெர்ட்ஸ் சீழ்க்கையாகக் காதில் கேட்கும். ரேடியோவைத் திருப்பினால் சத்தம் கூடிக் குறையும்: உள்ளிருக்கும் ஃபெரைட் ஆன்டெனா புலத்தின் திசையைக் காட்டிக்கொடுக்கிறது. விளக்கை விட்டுவிட்டு, அதற்குப் போகும் ஒயரை ஒட்டி ரேடியோவை நகர்த்தினால் இரண்டு மீட்டர் தள்ளியும் இரைச்சல் தொடரும். ஒயரை ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் கேட்டால், ஒயர் வழியே போனது எவ்வளவு, விளக்கிலிருந்து நேராக வந்தது எவ்வளவு என்று காதாலேயே பிரித்தறியலாம்.