மரத்திற்குத் திரும்பிய திருமேனி: அரும்பாவூர், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களின் பழங்கலை மூலங்கள்

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலும், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களிலும் இன்று செதுக்கப்பெறும் மரத் திருவுருவங்கள் பழங்கலையின் நேர்த் தொடர்ச்சியாகவே அறிமுகப்படுத்தப்படுகின்றன. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அதன் பின்னர் இவ்வறிமுகம் மேலும் உறுதிப்பட்டது. கோயிற் சிற்பமே இவற்றின் மூலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கோயிற் சிற்பம் என்பது ஒரே கலை அன்று. கோட்டத்தில் நிற்கும் கற்சிற்பம், வீதியுலா வரும் செப்புத் திருமேனி, தேர்த்தட்டில் பொருத்திய மரச்சிற்பம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருளையும் பயனையும் கைம்முறையையும் உடையன. இம்மூன்றனுள் இன்றைய மரச்சிற்பி எதனிடமிருந்து எதைப் பெற்றார் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

கல்லுக்கு முன் மரம்

முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு இவ்வாய்வுக்கு இன்றியமையாத சான்றாகும். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி நான்முகன், சிவன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் இது என்று அக்கல்வெட்டு அறிவிக்கின்றது. இன்றிச் செய்ததைப் பெருமையாகப் பொறிக்க வேண்டுமாயின், அதுவரை கோயில்கள் அப்பொருள்களாலேயே கட்டப்பட்டு வந்தன என்பது தானே பெறப்படும். கல்லில் கட்டத் தொடங்கிய பின்னும் தச்சரின் கண் மாறிவிடவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிலின் வடிவினது. உத்தரத்தைத் தாங்கும் போதிகை, கூரையின் விளிம்பாகிய கொடுங்கை, அதன்மேல் அமைந்த கூடு ஆகிய உறுப்புகள் கல்லுக்குத் தேவைப்படாதவை. மரத்தின் தேவையால் பிறந்து கல்லில் அழகாக எஞ்சியவை. மகாராட்டிரத்துக் கார்லே குடைவரையில் கல் விதானத்தின் அடியில் பழைய மர வளைவுகளே இன்றும் நிற்பதைக் கொண்டு இம்மாற்றத்தின் ஓர் இடைநிலையை நேரிலேயே காணலாம்.

கட்டடத்திற்குக் கிடைக்கும் இச்சான்று திருவுருவத்திற்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. கந்து என்னும் சொல் தூணையும் அதில் உறையும் தெய்வத்தையும் ஒருசேரக் குறித்தது. பாழ்பட்ட பொதியிலில் கந்தினைத் தெய்வம் கைவிட்டு நீங்கிய காட்சியைப் புறநானூறு காட்டுகின்றது. மணிமேகலையில் கந்திற்பாவை வருவதுரைக்கும் தெய்வமாகவே இடம்பெறுகின்றது. ஆனால் அக்கந்துகளுள் ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை. வெயிலும் மழையும் கரையானும் மரத்தின் வரலாற்றை அழித்துவிட்டன. விதிவிலக்காகக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அத்திவரதரைக் குறிப்பிடலாம். அத்திமரத்தாலான அத்திருமேனி 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குளத்து நீரிலிருந்து எடுக்கப்பெறுவது. 1979ஆம் ஆண்டிற்குப் பின் 2019இல் வழிபாட்டிற்கு வைக்கப்பெற்றது. நீருக்குள் காற்றுப் படாது கிடக்கும் மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை என்பது பொருளியலார் அறிந்த உண்மை. சமய மரபு தன் காரணத்தைத் தனியே சொல்லும். இவ்விடத்தில் இரண்டும் முரண்படவில்லை.

ஆகவே, இன்றைய மரச்சிற்பியின் முன் தொன்மையான மரத் திருமேனிகளின் தொடர்வரிசை ஒன்றும் இல்லை. அவர் பின்பற்றத்தக்க மரபுச் செல்வமாக எஞ்சியது தேர் ஒன்றே.

தேர்த்தட்டு வளர்த்த கை

தமிழகத் தேர்களைத் தனிப்பொருளாகக் கொண்டு 1989இல் நூல் வெளியிட்ட ராஜு காளிதாஸ், அவற்றின் சிற்பத் தொகுதியைக் கோயிற்கலையின் தனிக் கிளையாகவே நிறுவினார். அச்சுக்கும் பாருக்கும் மேலே அடுக்கடுக்காக விரிந்து செல்லும் தட்டுகளில் நூற்றுக்கணக்கான பலகைச் சிற்பங்கள் பொருத்தப்பெறும். கடவுளர் மட்டுமல்லாது தலபுராணக் காட்சி, வேட்டை, விலங்கு, யாளி, பாலியல் உருவம் ஆகியனவும் அவற்றில் இடம்பெறும். கருவறைச் சுவரில் இடம்பெறாத உரிமை தேருக்கு இருந்தது.

தேர்ச்சிற்பத்தின் உடலமைப்பு கவனிக்கத்தக்கது. அது முழு உருவமன்று. தடித்த பலகையிலிருந்து ஆழமாகக் குடைந்து எடுக்கப்பட்ட புடைப்புருவம். முன்புறம் மிகுதியாகப் புடைத்து நிற்க, பின்புறம் சட்டத்தோடு பொருந்தும் தட்டையான பரப்பாக விடப்படும். தேர் குலுங்கும்போது உதிராதிருக்கக் கையும் படைக்கலமும் பின்பலகையோடு ஒட்டியே அமையும். கீழே வீதியில் நிற்பவர் அண்ணாந்து பார்ப்பதற்கு உரியதாகையால் நுண்மையைவிட நிழலின் ஆழமே அதில் முதன்மை பெறும். பொருள், இலுப்பை போன்ற வலிய மரம்.

தேரின் மரம் நிலையானதும் அன்று. பழுதுற்ற பலகை கழற்றப்பட்டு அதே உருவம் புது மரத்தில் செதுக்கப்பட்டுப் பொருத்தப்பெறும். தீக்கிரையான தேரும் மீண்டும் எழும்; திருவாரூர் ஆழித்தேர் 1920களில் எரிந்து மீண்டும் செய்யப்பெற்றது அனைவரும் அறிந்ததே. எனவே தேர்ச்சிற்பத்தில் உருவம் மரத்தைவிட மூத்தது. தேர்ச்சிற்பம் ஒன்றைக் காலக்கணிப்புச் செய்ய முயல்வோர் இதனை மறந்தால் தவறான முடிவுக்கே வருவர். அரும்பாவூர்ச் சிற்பிகள் தேர்ப்பணியும் வாகனப் பணியும் செய்துவரும் மரபினர் என்பதை இவ்விடத்தில் நினைவிற்கொள்ள வேண்டும்.

செப்புத் திருமேனி வந்த வழி

இருப்பினும் இவ்வூர்களில் விற்பனைக்குரியதாகச் செதுக்கப்பெறும் உருவங்களை நோக்கினால் தேரின் உலகம் அங்கே இல்லை. வேட்டையும் தலபுராணமும் மறைந்து, பிள்ளையார், நடராசர், கண்ணன், கலைமகள், திருமகள் என்னும் தனித்த திருவுருவங்களே நிறைகின்றன. அவற்றுள்ளும் நடராசர், பேராளவில் சோழர் காலச் செப்புத் திருமேனியின் சாயலில் அமைகிறார்.

இத்தெரிவு பழமையானதன்று, இருபதாம் நூற்றாண்டினது. ஈழத் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமியின் சிவ நடனம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு 1918இல் வெளிவந்தது. சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் நிழற்படங்களைக் கண்டு பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் எழுதிய கட்டுரை 1921இல் அச்சாயிற்று. கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் தொகுத்த அவ்வருங்காட்சியகத்து உலோகத் திருமேனிகளின் விளக்கப் பட்டியல் 1932இல் வெளியாயிற்று. உலாவின்போது பட்டும் மாலையும் போர்த்தி முகம் மட்டும் காணத்தந்த திருமேனி, ஆடையணியின்றி முழுவதும் காணத்தக்க கலைப்பொருளாக மாறியது இக்காலத்திலேதான். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசு சிற்பப் பயிற்சி நிறுவனம் கல், உலோகம், சுதை, மரம் ஆகிய துறைகளை ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. 1973இல் அமைந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், பூம்புகார் விற்பனை நிலையங்கள் வழியே அவற்றின் படைப்புகளை அருகருகே அடுக்கியது. செம்பில் உள்ளது மரத்திலும் வேண்டும் என்று வாங்குவோர் கேட்பதற்கு இவ்வடுக்கே போதுமானது.

இன்னொரு காரணமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழஞ்சிற்பங்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. பழமையின் தோற்றமும் புதுமையின் உரிமையும் ஒருங்கே கொண்ட பொருளுக்கு அதனால் சந்தை விரிந்தது எனக் கருத இடமுண்டு.

மரம் இணங்காத இடம்

செம்பின் வடிவத்தை மரத்திற்குக் கொண்டுவருவது எளிய பெயர்ப்பு அன்று. நடராசர் திருமேனியே இதற்குத் தக்க சான்று. தூக்கிய திருவடி, குறுக்கே நீளும் வீசு கரம், உடுக்கையும் தீயும் ஏந்தி இருபுறமும் விரியும் கைகள், பறக்கும் சடை ஆகியவை யாவும் உடலின் நடுக்கோட்டிலிருந்து விலகி வெளியே செல்வன. உருகிய உலோகம் அச்சினுள் எத்திசையிலும் ஓடி உறைவதால் வார்ப்பில் இவை இயல்பாக நிற்கும். சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசர், திருவாசி இன்றியே தன் கைகால்களின் வலிமையில் நிற்பவர்.

மரத்தின் நார் ஒரே திசையில் ஓடும். துண்டு நிமிர்ந்து நிற்கும்போது நாரும் மேல்கீழாகவே அமையும். அதற்குக் குறுக்கே செல்லும் மெல்லிய கையோ காலோ சிறு அதிர்ச்சியிலும் முறியும். கையைத் தனியே செய்து கழுந்தும் துளையுமாகப் பொருத்தலாம். ஆனால் ஒரே மரத்துண்டில் செதுக்குதல் அரும்பாவூர்ச் சிற்பத்தின் அடையாளமாகவே போற்றப்படுகின்றது. ஆகவே சிற்பி வேறு வழியை மேற்கொள்கிறார். திருவாசியைத் துண்டின் பகுதியாகவே விட்டுவிட்டு, சடை, கை, படைக்கலம், தூக்கிய அடி ஆகியவற்றின் நுனிகளை அதனோடு இணைத்தே செதுக்குகிறார். இடைவெளிகள் துளைத்து எடுக்கப்படுகின்றன; பின்புறம் பெரும்பாலும் தட்டையாகவே விடப்படுகின்றது. செம்பில் நெருப்பு வட்டமாக இருந்த திருவாசி மரத்தில் தாங்குசட்டமாகிவிடுகின்றது.

இந்தத் தீர்வு செப்புத் திருமேனியில் இல்லாதது. உலாத் திருமேனியை எல்லாப் புறத்திலிருந்தும் காண்பர் என்பதால் அதன் முதுகும் முழுமையாகச் செதுக்கி முடிக்கப்பெறும். பின்பலகையோடு உறுப்புகளை ஒட்டவைத்து, முன்புறத்தை ஆழக் குடைந்து, பின்புறத்தை வெறுமையாக விடுவது தேர்த்தட்டின் முறை. இன்றைய மரத் திருவுருவம் தன் வடிவத்தைச் செப்பிடமிருந்தும் தன் உடலைத் தேரிடமிருந்தும் பெற்றது. கண் கற்றது ஒன்று. உளியும் கொட்டாப்புளியும் கற்றது மற்றொன்று. பழங்கலையின் தாக்கத்தை உருவ ஒற்றுமையைக் கொண்டு மட்டும் அளப்போருக்கு இவ்விரண்டாவது மூலம் புலப்படாது.

அளவுமுறையிலும் இவ்விழுபறி காணப்படுகின்றது. தாலக் கணக்கில் உத்தம தசதாலம் 124 அங்குலம். அங்குலமோ உருவத்தின் உயரத்திலிருந்தே பிறப்பது. சுவாமிமலை வார்ப்பாளர் ஒடியோலையை மடித்து அளவிடுகையில் மெழுகு போதாதெனின் கூட்டிக்கொள்ளலாம். மரத்தில் கூட்டுதற்கு வழியில்லை. கிடைத்த துண்டின் அகலமே வீசு கரத்தின் நீளத்திற்கும் அதன்வழி உருவத்தின் உயரத்திற்கும் எல்லை வகுக்கின்றது. நடுவயிரம் வெடிக்கும் என்பதால் அதனை நீக்கிப் பிளந்த துண்டே கொள்ளப்படுமாயின் அவ்வெல்லை இன்னும் சுருங்கும்.

மரவகையும் மாறியுள்ளது. பச்சைமலையை ஒட்டிய அரும்பாவூரில் மா, வேம்பு, வாகை முதலியன பயன்படுகின்றன. ஈட்டி உள்ளிட்ட தால்பெர்கியா இனம் முழுவதும் 2017 சனவரியில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிற்குள் வந்தபின் ஈட்டிமரச் சிற்ப ஏற்றுமதிக்குச் சான்றிதழ் வேண்டியதாயிற்று. மென்மையான மரம் உளிக்கு விரைவில் இணங்கும். விளிம்பின் கூர்மையை அதே அளவிற்குக் காத்து நிற்பதில்லை.

குறியீடும் விடுபட்ட மூலமும்

1999இல் இயற்றப்பெற்று 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருளின் பெயரை ஊரோடு பிணைத்துக் காப்பது; பதிவு 10 ஆண்டுகளுக்குரியது, புதுப்பிக்கத்தக்கது. வேறிடத்துச் சரக்கு அரும்பாவூர் என்னும் பெயரில் விற்கப்படுவதை அது தடுக்கும். செய்முறையின் உயிர்நிலையான தேர்ப்பணியை அது காக்க இயலாது. தேர்ப்பணி கோயிலின் திருப்பணியைச் சார்ந்தது. விற்பனை உருவம் நாள்தோறும் கூலி தருவது. ஒன்றில் கற்ற கையே மற்றதைச் செய்கின்றது என்பதால், முன்னது குறையுமாயின் பின்னதன் கைத்திறனும் நாளடைவில் மாறும். வேட்டையும் தலபுராணமும் செதுக்காத தலைமுறை, பல உருவங்களை ஒரே பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆழம் பிரித்து அமைக்கும் முறையைப் பயில வாய்ப்பில்லை.

கழற்றப்பட்ட பழைய தேர்ப்பலகைகளின் நிலையும் இதனோடு தொடர்புடையது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் அவை தனித்தனியே சுவரில் மாட்டப்பட்டுள்ளன. பல பதிவுகளில் தமிழ்நாடு என்னும் பெயரும் தோராயமான நூற்றாண்டும் மட்டுமே உள்ளன. எத்தேர், எத்தட்டு, எத்திசை என்னும் குறிப்பு இல்லை. எந்த உருவத்தின் அருகே எந்த உருவம் நிற்கும், எது முன்வரிசையில் புடைக்கும், எது மூலையைத் தாங்கும் என்னும் அறிவு அப்பலகைகளோடு செல்லவில்லை. புதிய தேருக்கு வரிசை வகுக்கும் தச்சர்களிடமே அது தங்கியுள்ளது.