நான்காவது கூறு: சயாம் மரண இரயிலும் தோட்டத்து நட்பும்



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் குடும்ப வரலாறும் ஒரு பகுதியாக வருகிறது. மாணவர்கள் தத்தம் குடும்ப மரத்தை வரைந்து வந்து வகுப்பில் விளக்க வேண்டும். அண்மையில் என் மாணவி ஒருத்தி பாதி நிரப்பிய தாளோடு என் மேசைக்கு வந்தாள். “ஐயா, எங்கள் பாட்டிக்கு நீரிழிவால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவரைக் குளிக்க வைப்பதும் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் பக்கத்து வீட்டு அத்தைதான். அத்தை எங்கள் சொந்தம் இல்லை, அம்மாவின் தோழி. அவரை எந்தக் கிளையில் எழுதுவது?” என்று கேட்டாள்.

அப்பொழுது என்னால் விடை கூற இயலவில்லை. என் சொந்தக் குடும்ப மரத்திலும் இடம் கிடைக்காத ஒருவர் இருக்கிறார் என்பதே காரணம். அவரைப் பற்றி எழுத வேண்டுமானால், 1943-ஆம் ஆண்டில் ஜோகூர்த் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் மக்களைப் பற்றி எழுதியாக வேண்டும்.

அதற்குமுன் திருக்குறளிலிருந்து ஒரு கருத்து. ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகியவை முதல் மூன்று. நான்காவதாக அவர் வைப்பவர் ‘உழைச்செல்வான்’. ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து, மருந்தை வேளையறிந்து கொடுத்துப் பேணுபவர் என்பது பொருள். அருகில் இருப்பவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வள்ளுவர் எண்ணியிருக்கிறார். முதல் மூன்று கூறுகளில் நோயாளியை மட்டும் வைத்துவிட்டு, மருத்துவரையும் மருந்தையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? அந்தக் கேள்விக்கு விடை சயாமில் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து சயாமுக்கு

1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி இறுதியில் ஜோகூர் பாருவை அடைந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்மரங்களை நம்பி வாழ்ந்தவர்கள் மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழத் தொடங்கினார்கள்.

பர்மாவிலிருந்த தன் படைக்குத் தளவாடங்களைக் கடல் வழியே அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாக இருந்தது. நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் அதன் கப்பல்களைத் தாக்கின. எனவே, சயாமின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை, மலைகளையும் காடுகளையும் ஊடறுத்து ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை அமைக்க முடிவு செய்தது. நம் நாட்டின் கிழக்குக் கரை இரயில் பாதையின் ஒரு பகுதியில் தண்டவாளங்களையும் பெயர்த்து அங்கே கொண்டுபோயினர். இரும்போடு மனிதர்களும் போனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்கள்.

மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டினார்கள். அதற்கு மயங்காத தோட்டங்களில் இத்தனை பேர் வர வேண்டும் என்று கணக்குக் கேட்டார்கள். குளுவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்த என் தாத்தாவும் அப்படியே போனார். அவரோடு அதே லயத்தில் வளர்ந்த நண்பர் ஒருவரும் போனார். தாத்தாவின் பெற்றோர் அதற்குமுன்பே மலேரியாவில் மறைந்துவிட்டார்கள். நண்பருக்குத் தாய் மட்டும் இருந்தார். கண்பார்வை அப்பொழுதே மங்கத் தொடங்கியிருந்தது. மூன்று மாதந்தானே, வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் நண்பர் வண்டியேறினாராம்.

சரக்குப் பெட்டிகளில் நிற்கவும் இடமின்றி நாள்கணக்கில் பயணம். இறங்கிய பிறகு முகாம்களுக்குக் காட்டுவழியே நடை. இருவரும் ஒரே முகாமில் சேர்ந்தனர்.

மருத்துவரும் மருந்தும் இல்லாத இடம்

அந்தப் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் வேலை செய்தனர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து முதலிய நாடுகளின் வீரர்கள் அவர்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். அதுவே கொடிய கணக்குத்தான். ஆனால், ஆசியத் தொழிலாளர்களின் நிலை அதனினும் கொடியது. ஏறத்தாழ 2 இலட்சம் பேரில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர்.

ஒரே காடு, ஒரே மழை, ஒரே பட்டினி. பிறகு இந்த வேறுபாடு எப்படி வந்தது? போர்க்கைதிகள் ஒரு படையாகவே சிறைப்பட்டவர்கள். அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தனர், கட்டுப்பாடு இருந்தது, தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று ஆணையிட ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களோடு படை மருத்துவர்களும் சிறைப்பட்டிருந்தனர். மருந்து இல்லாவிட்டாலும், மூங்கிலையும் இரப்பர்க் குழாயையும் கொண்டு உப்புநீரை இரத்தக் குழாயில் ஏற்றும் வழியை அந்த மருத்துவர்கள் கண்டறிந்து செய்தார்கள். நம் மக்களோ குடும்பங்களாகவும் தனியாட்களாகவும் திரட்டப்பட்டவர்கள். அவர்களுக்கு மருத்துவரும் இல்லை. அவர்களுக்காகப் பேச அதிகாரியும் இல்லை. 1943-இல் மழைக்காலம் தொடங்கி வாந்திபேதி பரவிய பின்னரே, சிங்கப்பூரில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளிலிருந்து மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய சில நூறு பேரைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்தபொழுது பல முகாம்களில் காலம் கடந்துவிட்டிருந்தது.

வாந்திபேதி கொல்லும் முறை எளியது. கிருமி குடலில் பெருகி, உடலின் நீரையும் உப்பையும் சில மணி நேரத்தில் வெளியேற்றிவிடுகிறது. காலையில் மண் சுமந்தவர் மாலையில் உயிரோடு இருப்பதில்லை. இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பர். வாய்வழியே உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே பிழைக்க வைக்கலாம் என்பதை மருத்துவ உலகம் 1960-களின் இறுதியில்தான் உறுதிப்படுத்தியது. 1971-இல் வங்காள அகதி முகாம் ஒன்றில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் அந்த நீரைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். ஊசி போடத் தாதியர் போதாத அந்த இடத்தில், நோயாளிகளின் உற்றவர்களே அருகிலிருந்து நீரை ஊட்டினார்கள். 100-க்கு 30 என்றிருந்த இறப்பு, 4-க்கும் கீழே இறங்கியது. அங்கும் உயிரைக் காத்தவர் வள்ளுவர் சொன்ன நான்காமவரே.

சயாம் காட்டில் இந்த அறிவியல் எவருக்கும் தெரியாது. தாத்தாவுக்கு வாந்திபேதி கண்டபொழுது, நோயாளிகளை ஒதுக்கிப் போட்டிருந்த கொட்டகைக்கு அவரைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். அங்கே போனவர்கள் திரும்புவதில்லை என்பது முகாம் அறிந்த செய்தி. நண்பர் இரவில் அங்கே போய், தகரக் குவளையில் கொதிக்க வைத்த கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு, வாந்தியெடுக்க எடுக்க மீண்டும் மீண்டும் ஊட்டினாராம். தோட்டத்தில் வயிற்றுப்போக்குக்குத் தாய்மார் செய்யும் அதே கைவைத்தியம். மூன்று இரவுகள் அவர் அப்படிச் செய்தார். தாத்தா பிழைத்துக்கொண்டார். சில வாரங்களில் அதே நோய் நண்பரைப் பற்றியது. தாத்தா வேலைத்தளத்திலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எல்லா நண்பர்களும் அப்படி இருந்தார்கள் என்று நான் எழுதினால் அது வரலாறாகாது. அச்சத்தால் விலகிப்போனவர்கள் உண்டு. இரவோடு இரவாகக் காட்டுக்குள் ஓடியவர்கள் உண்டு. பெற்றோரை இழந்து முகாம்களில் தனித்துவிடப்பட்ட குழந்தைகளும் உண்டு. பக்கத்தில் எவரும் இல்லாமல் இறந்தவர்களே மிகுதி. நட்பு மட்டும் போதுமானதாக இருந்திருந்தால், தாத்தாவின் நண்பரும் ஊர் திரும்பியிருப்பார்.

திரும்பி வந்த மகன்

இரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. ஆனால் தொழிலாளர்கள் பலர் பழுதுபார்க்கும் வேலைக்கென்று போர் முடியும்வரை அங்கேயே வைக்கப்பட்டனர். 1945-க்குப் பிறகு திரும்பியவர்களில் தாத்தாவும் ஒருவர். லயத்துக்கு வந்தவர் முதலில் தம் வீட்டுக்குப் போகவில்லை; நண்பரின் தாயிடம் போனார்.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்பவருக்கே அது கிடைக்கும். உழைக்கும் பிள்ளை இல்லாத முதியவருக்கு அந்தக் கூரையின்மேல் உரிமை இல்லை. ஊழியர் சேமநிதி 1951-இல்தான் மலாயாவுக்கு வந்தது. மகனைச் சயாமில் இழந்த ஒரு தாய்க்குச் சேமிப்பும் இல்லை, வீடும் இல்லை. தாத்தா அந்த அம்மையாரைத் தம் வீட்டுக்கு அழைத்து வந்து, தம் தாயென்றே மண்டோரிடம் சொன்னார். பிறகு திருமணம் செய்தபொழுதும், ‘என் தாய் என்னோடுதான் இருப்பார்’ என்று பெண் வீட்டாரிடம் அதையே சொல்லியிருக்கிறார்.

அம்மையாருக்குப் பார்வை முற்றிலும் போயிற்று. கடைசி ஆண்டுகளில் நினைவும் தடுமாறியது. மகன் இறந்த செய்தியை மறந்துவிட்டு, தாத்தாவை மகனின் பெயரால் அழைக்கத் தொடங்கினாராம். தாத்தா அந்தப் பெயருக்கே மறுமொழி கொடுத்துவந்தார். பாட்டிதான் குளிப்பாட்டினார், ஊட்டினார். என் தந்தை அவரை ‘அப்பாயி’ என்று அழைத்தே வளர்ந்தார். அவர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை என்பது, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே என் தந்தைக்குத் தெரியவந்தது.

காஞ்சனபுரியில் உள்ள போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். ஒழுங்காகப் பேணப்படும் இடம் அது. ஆஸ்திரேலியர்கள் அந்த முகாம்களில் நிலவிய நட்பைத் தங்கள் நாட்டின் பண்பாகவே போற்றுகிறார்கள். அங்கே கைதிகளைக் காத்த மருத்துவர் எட்வர்ட் டன்லப்புக்குச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். போற்றத்தக்க செயல். நம்மவர்க்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் வாய்க்கவில்லை. ஆர். சண்முகம் 1993-இல் ‘சயாம் மரண ரயில்’ நாவலை எழுதினார். வேறு சிலரும் எழுதினர். ஆயினும், திரும்பி வந்தவர்கள் தோட்டங்களில் என்ன செய்தார்கள், பிள்ளைகளை இழந்த முதியவர்கள் யாருடைய கையால் கஞ்சி குடித்தார்கள் என்பது பெரிதும் வீட்டுப் பேச்சாகவே நின்றுவிட்டது. அந்தப் பேச்சை அறிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்று

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போயின. நம் மக்கள் மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று நகர்ப்புறங்களுக்கு வந்துவிட்டனர். பெற்றோரில் பலர் விடியுமுன்னே புறப்பட்டு, பாலங்கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார். அரசு மருத்துவமனை இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மாத்திரை பை நிறைய இருக்கிறது. எந்த மாத்திரையை எப்பொழுது விழுங்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லத்தான் ஆளில்லை. சயாமில் நான்காவது கூறு மட்டும் இருந்தது. இங்கே அது மட்டும் குறைகிறது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் தோழியோ நண்பரோ இருந்தால், அவருடைய பெற்றோருக்கு மருத்துவமனை நாள் எப்பொழுது என்று கேட்டு வையுங்கள். முறை வைத்து மாறி மாறிப் போங்கள். நானும் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் இவ்வாண்டு அவ்வாறுதான் செய்து வருகிறோம். இருவர் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருக்கிறார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடும்ப மரப் பயிற்சியைக் கொடுக்கும்பொழுது, மரத்தின் அருகே ஒரு கட்டத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ‘நோயிலும் முதுமையிலும் எங்கள் குடும்பத்தாரின் பக்கத்தில் இருந்தவர்’ என்று அதற்குத் தலைப்பிடுங்கள். மறுநாள் அந்த மாணவியின் தாளில் அக்கட்டத்தை நானே வரைந்து கொடுத்தேன். அவள் அத்தையின் பெயரை எழுதினாள். அன்று இரவு என் வீட்டு மரத்தை எடுத்து, அதே கட்டத்தில் தாத்தாவின் நண்பர் பெயரையும், அவருடைய தாயின் பெயரையும் எழுதினேன். தாயின் பெயர் எனக்குத் தெரியவில்லை. என் தந்தையிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் எழுதினேன்.