வாகன லிஃப்ட் (வீட்டுப் பயன்பாடு)

மெக்கானிக் நின்றபடி அடிப்பகுதியில் வேலை பார்க்கும் உயரத்துக்கு வண்டியைத் தூக்கும் கருவி. இதன் ஹைட்ராலிக் வடிவத்தை 1925-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி உருவாக்கினார். முடிதிருத்தும் நாற்காலிதான் அவருக்கு யோசனை தந்ததாம். தமிழ்நாட்டில் கோவையின் ஏ.டி.எஸ். எல்ஜி இதைத் தயாரிக்கிறது.

வாங்குவோர் விலைக்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். இரு தூண் லிஃப்ட்டில் வண்டியின் பளு முழுவதும் தூணடியிலும் அதன் நங்கூர போல்ட்டுகளிலும் இறங்கும். பொதுவாக 100 மி.மீ. தடிமனுக்குக் குறையாத, விரிசலற்ற கான்கிரீட் தேவை. கவுஞ்சி போன்ற மேல்பழனி மலையூர்களில் சிக்கல் இங்கேதான். சரிவை வெட்டி, அந்த மண்ணையே கொட்டிச் சமன்செய்த மனையில் நிரப்பு மண் மழைக்குத் தாழும். ஒரு தூண் சாய்ந்தாலே ஆபத்து. ஆகவே தூண்கள் வெட்டுநிலத்தின் பக்கம் அமைவது நல்லது. நான்கு தூண் வகை பளுவைப் பரப்பும், ஆனால் சக்கரங்களைக் கழற்றத் தனி ஜாக்கி வேண்டும். கத்தரி லிஃப்ட் தாழ்ந்த கூரைக்கு ஏற்றது.

பூண்டு, உருளைக்கிழங்கு ஏற்றும் பிக்கப்பைச் சுமையிறக்கிய பிறகே தூக்க வேண்டும். பின்சுமை எடைமையத்தை நகர்த்திவிடும். லிஃப்ட்டின் கைகள் வண்டியின் சேசிஸில் பொருந்த வேண்டும். சக்கரம் தரைவிட்டதும் நிறுத்தி, வண்டியை அசைத்துப் பார்த்துவிட்டு மேலே தூக்கி, லிஃப்ட்டின் பாதுகாப்புப் பூட்டில் இறக்கிய பிறகே அடியில் செல்லலாம். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி அடியில் நிற்கக் கூடாது.